பூசணம் பூத்த மல்லாட்டையும் ஆயா கேட்ட நாலு கேள்வியும்

1/ இது கொஞ்சம் நீளமான இழை. மல்லாட்டை பத்தினது. (மல்லாட்டைன்னா வேர்க்கடலை. புதுச்சேரி, விழுப்புரம் பக்கத்து ஆளுங்களுக்கு இந்த விளக்கம் தேவையில்லை.) அதுல பூக்குற பூசணம் பத்தினது. வீட்டுக்கு உதவுற குறிப்புகள் கடைசியில இருக்கு. ஆனா நான் சொல்ல வந்தது நடுவுலதான் இருக்கு.

2/ 2025 பொங்கல் முடிஞ்ச வாரம். மாசாமாசம் பிபி, சுகர் மாத்திரை வாங்க ஓபிக்கு வர்ற ஆயா ஒருத்தங்க. பாகூர் பக்கம் கிராமம். சீட்டை நீட்டுனாங்க, கூடவே ஒரு மஞ்சப்பையை மேஜை மேல வெச்சாங்க. "உரிச்ச மல்லாட்டை தம்பி. நம்ம கொல்லையில வெளைஞ்சது. புள்ளைங்களுக்கு வறுத்துக் குடு."

3/ வீட்டுக்கு வந்து பிரிச்சா, மழையில நனைஞ்சு காயாத துணி மாதிரி ஒரு வாடை. கையில அள்ளிப் பார்த்தேன். பத்துக்கு ரெண்டு மூணு பருப்பு சுருங்கி, நிறம் மாறி இருந்தது. சிலதுல பச்சையும் மஞ்சளுமா மாவு படிஞ்ச மாதிரி. பையோட குப்பையில போட்டேன்.

4/ அடுத்த மாசம் வந்தப்போ நான் ஆரம்பிச்சேன். "ஆயா, அந்த மல்லாட்டை பூசணம் பூத்தது. லிவருக்கு ஆகாது. வீட்டுல மிச்சம் இருந்தா கொட்டிடுங்க. நல்லா காயவெச்சு எடுத்து வைக்கக் கூடாதா?" சொல்லும்போது நல்ல அறிவுரை சொல்ற நினைப்புதான் எனக்கு.

5/ ஆயா கோவப்படல. சிரிச்சாங்க. "காயவெச்சு எடுத்து வைக்கணும்னு நீ சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா தம்பி? எங்க காயவைக்கிறது சொல்லு. எங்க அடுக்கி வைக்கிறது? காயவெச்சா எவன் கூட நாலு காசு தரான்? கொட்டிட்டா நாங்க எத்தத் தின்றது?" எழுந்து போறப்போ ஒண்ணு சொன்னாங்க. "உனக்குக் குடுத்தது இருந்ததுலயே பொறுக்கி எடுத்தது."

6/ அந்த நாலு கேள்விக்கும் என்கிட்ட பதில் இல்லை. எம்பிபிஎஸ் புத்தகத்துல அந்தப் பூசணத்தோட பேரு இருக்கு, அது சுரக்கற நஞ்சு இருக்கு, அது லிவரை என்ன செய்யும்னு இருக்கு. களம் இல்லாத வீடு என்ன செய்யணும்னு இல்லை. அதுக்கப்புறம் தேடிப் படிச்சதையும் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டதையும்தான் இங்க எழுதறேன்.

7/ முதல்ல மருத்துவம். பூசணத்தோட பேரு அஸ்பெர்ஜில்லஸ் ஃப்ளேவஸ். அது சுரக்கற நஞ்சு அஃப்லாடாக்சின். 1960-ல இங்கிலாந்துல ஒரு லட்சத்துக்கும் மேல வான்கோழிகள் திடீர்னு செத்துப் போச்சு. காரணம் தேடினா, தீவனத்துல கலந்த பூசணம் பூத்த வேர்க்கடலைப் பிண்ணாக்கு. அப்படித்தான் இந்த நஞ்சை உலகம் கண்டுபிடிச்சது. ஆக, கதை ஆரம்பிச்சதே மல்லாட்டையிலதான்.

8/ நம்ம நாட்டுல? 1974 கடைசியில குஜராத், ராஜஸ்தான் எல்லையில பஞ்ச்மஹால், பன்ஸ்வாரா மாவட்டங்கள். மக்காச்சோளம் சாப்பிட்டு வாழ்ற பழங்குடி கிராமங்கள். அறுவடை நேரத்துல பருவம் தப்பி மழை. நனைஞ்ச சோளத்தை அப்படியே எடுத்து வெச்சு சாப்பிட்டாங்க. மஞ்சள் காமாலை, வயித்துல நீர். சுமார் 400 பேர் பாதிக்கப்பட்டு, 106 பேர் இறந்தாங்க. அந்த வீட்டுச் சோறு தின்ன நாய்களுக்கும் அதே காமாலை, அதே நீர்க்கட்டு.

9/ பயப்பட வேண்டாம். ஒரு கசப்புக் கடலை சாப்பிட்டதுக்கு யாருக்கும் காமாலை வராது. நம்ம பிரச்சினை வேற. கொஞ்சம் கொஞ்சமா வருஷக்கணக்குல உள்ள போறது. உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு இதை முதல் பிரிவுல வெச்சிருக்கு. அதாவது, மனுஷனுக்குப் புற்றுநோய் உண்டாக்கும்னு உறுதியானது. கூடவே ஹெபடைடிஸ் பி கிருமியும் இருந்தா, லிவர் கேன்சர் ஆபத்து பல மடங்கு ஏறும்.

10/ நம்ம ஊர்ல லிவர் கெட்டுப்போச்சுன்னா எல்லாரும் முதல்ல கேக்குறது "குடிப்பாரா?"ன்னுதான். நியாயமான கேள்வி, புதுச்சேரியில அதுதான் பெரிய காரணமும். ஆனா குடியே தொடாத ஒரு அம்மாவுக்கு ஸ்கேன்ல லிவர்ல கட்டின்னு வரும்போது, முப்பது வருஷமா அவங்க வீட்டு மூட்டையில என்ன இருந்ததுன்னு நாங்க யாரும் கேக்குறதில்லை. கேட்டாலும் இப்போ நிரூபிக்க வழி இல்லை. இந்த நஞ்சோட சாமர்த்தியமே அதுதான்.

11/ வறுத்தா போயிடாதா? போகாது. கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். அடுப்புச் சூட்டைத் தாங்குற நஞ்சு இது. கழுவினாலும் முழுசா போகாது. தட்டி, ஊதி, பூசணத்தைத் துடைச்சாலும் உள்ள இறங்கினது இறங்கினதுதான். கண்ணுக்குப் பூசணமே தெரியாத பருப்புலயும் இருக்கலாம். தானியத்துல சட்டம் அனுமதிக்கிற அளவு கிலோவுக்கு 15 மைக்ரோகிராம். ஒரு கிராமை பத்து லட்சமா பிரிச்சா அதுல 15 பங்கு. நாக்குக்கும் மூக்குக்கும் எட்டாத கணக்கு.

12/ அதனால ஒரே வழி, பூசணம் பூக்காம பார்த்துக்கறது. அதுக்கு வேண்டியது எல்லா விவசாய வீட்டுக்கும் தெரிஞ்சதுதான்: சீக்கிரம் காயவை, தரையில படாம வை, நனையாம வை, சொத்தையைப் பொறுக்கு. குதிர், பத்தாயம், வேப்பிலை, நொச்சின்னு நம்ம பாட்டிகள் ஒரு பாடத்திட்டமே வெச்சிருந்தாங்க. தெரியாம யாரும் பூசணம் பூக்க விடல. அப்போ ஏன் பூக்குது? இனி ஆயாவோட நாலு கேள்வி.

13/ கேள்வி 1: எங்க காயவைக்கிறது?
ஆயா ஊர்ல களம் இருந்த இடத்துல இப்போ கட்டடம். வீட்டு மாடி ஒரு கட்டில் போடற அகலம். மானாவாரி மல்லாட்டை அறுவடை ஆகறதே வடகிழக்குப் பருவமழை நெருங்குற நேரத்துல. அந்த வருஷம் கூடவே ஃபெஞ்சல் புயல். 2024 நவம்பர் 30 ராத்திரி கரையைக் கடந்தது. 24 மணி நேரத்துல புதுச்சேரியில 46 செ.மீ.க்கும் மேல மழை. வீட்டுக்குள்ள தண்ணி, மூட்டைக்குக் கீழ தண்ணி. அதுக்கப்புறம் டிசம்பர்லயும் மழை விடல.

14/ டவுன்ல இருக்கற நமக்கும் இதே கதைதான், அளவுதான் சின்னது. தமிழர் பகுதியில பழைய வீடுகளைப் பாருங்க. நடுவுல முற்றம் இருக்கும். அங்கதான் மிளகாய் காஞ்சது, மல்லி காஞ்சது, வடகம் காஞ்சது. இப்போ அபார்ட்மென்ட். மொட்டை மாடி சாவி சங்கச் செயலாளர்கிட்ட. "மாடியில எதுவும் காயப்போடக் கூடாது"ன்னு நோட்டீஸ். அப்புறம் மிளகாய்த் தூள்ல கட்டி பிடிச்சிருக்கேன்னு ஆச்சரியப்படறோம். மிளகாயும் இந்தப் பூசணத்துக்குப் பிடிச்ச வீடுதான்.

15/ இடம் இல்லாததோட விலையை நான் கேஷுவாலிட்டியில பார்த்திருக்கேன். அறுவடை நேரத்துல ரோட்டுல பாதியில நெல் காயும். வண்டி ஏறக் கூடாதுன்னு சுத்தி கல்லு வெச்சிருப்பாங்க. ராத்திரி அந்தக் கல்லுல மோதி பைக்கோட விழுந்து வருவாங்க. "ரோட்டுல காயவைக்கிற விவசாயிக்கு அறிவில்லை"ன்னு திட்டுவோம். வேற எங்க காயவைப்பாங்கன்னு கேக்க மாட்டோம்.

16/ கேள்வி 2: எங்க அடுக்கி வைக்கிறது?
ரெண்டு அறை வீடு. அஞ்சு பேர். மூட்டை சுவரை ஒட்டித் தரையில. சுவர் ஓதம் காக்குது. வெளிய வெச்சா திருட்டு, எலி, மழை. கென்யாவில 2004-ல 317 பேருக்கு இந்த நஞ்சால காமாலை வந்து 125 பேர் இறந்தாங்க. அங்கயும் ஆராய்ஞ்சு பார்த்தப்போ தெரிஞ்சது இதுதான்: ஈரம் போகாத சோளத்தை வீட்டுக்குள்ளயே அடுக்கி வெச்ச குடும்பங்களுக்கு ஆபத்து அதிகம்.

17/ பத்தாயம், குதிர் ஏன் போச்சுன்னு நாம வருத்தப்படறது சுலபம். அது நிக்கவே ஒரு தனி அறை வேணும். நிறைய வெளைஞ்சு, வருஷம் முழுக்க வெச்சிருக்க வசதியும் வேணும். பழைய காலத்துலயும் எல்லா வீட்டுலயும் பத்தாயம் இருந்திருக்காது. மண் பானையில வெச்சு, அந்தப் பானையோட அடியையே பார்த்துக்கிட்டிருந்த வீடுகளும் இருந்திருக்கும்.

18/ கேள்வி 3: காயவெச்சா எவன் கூட நாலு காசு தரான்?
எனக்கு ரொம்ப உறைச்ச கேள்வி இது. ஈரம் இருந்தா எடை நிக்கும். நாலு நாள் கூட காயவெச்சா எடை குறையும், கூலி ஏறும். களத்து வியாபாரி அள்ளிப் பார்த்து, வாயில போட்டுப் பார்த்து, ஒரு விலை சொல்வார். நஞ்சு இல்லாத கடலைக்குன்னு தனி விலை அங்க கிடையாது. பள்ளிக் கட்டணமோ நகைக் கடனோ இருந்தா, காயறதுக்கு முன்னாடியே வித்தாகணும்.

19/ நெல்லைப் பாருங்க. தமிழ்நாட்டுக் கொள்முதல் நிலையத்துல 17 சதவீத ஈரப்பதம்னு ஒரு வரம்பு இருக்கு. அளக்க மீட்டர் இருக்கு. தாண்டினா வாங்க மாட்டாங்க. அதனாலதான் மக்கள் உயிரைப் பணயம் வெச்சு ரோட்டுலயாவது காயவைக்கிறாங்க. காய்ச்சலுக்கு விலை இருந்தா மக்கள் காயவைப்பாங்கன்னு நிரூபிக்க வேற ஆராய்ச்சி வேணாம். அந்த ரோட்டு ஓர நெல்லே போதும். மழை வருஷத்துல வரம்பை 22 வரை தளர்த்தச் சொல்லி மாநிலம் டெல்லிக்கு எழுதும். விதி இருக்கு. காயவைக்க இடமும் இயந்திரமும்தான் பத்தலை.

20/ ஒரு பழைய கணக்கும் சொல்லணும். பிரெஞ்சுக்காரங்க காலத்துல இந்தத் துறைமுகத்துல இருந்துதான் கப்பல் கப்பலா மல்லாட்டை மார்செய் நகரத்து எண்ணெய், சோப்பு ஆலைகளுக்குப் போச்சு. இன்னைக்கும் நல்லது வெளிய போகுது, கழிச்சது வீட்டுல தங்குது. ஐரோப்பாவுக்கு அனுப்புற கடலையை லேப்ல சோதிக்கிறாங்க. ஆயா வீட்டுல தின்ற கடலையை யார் சோதிக்கிறா?

21/ கேள்வி 4: கொட்டிட்டா எத்தத் தின்றது?
வியாபாரி கழிச்சு ஒதுக்குனதுதான் வீட்டுக்கு. அதுலயும் ரொம்ப மோசமானது ரெண்டு இடத்துக்குப் போகும். ஒண்ணு செக்கு. ஆலையில சுத்திகரிக்கும்போது இந்த நஞ்சு பெரும்பாலும் போயிடும், ஆனா செக்கெண்ணெய்க்கு அந்தச் சுத்திகரிப்பு கிடையாது. அதனால செக்குல என்ன கடலை போடறாங்கங்கறது முக்கியம். ரெண்டாவது மாட்டுத் தொட்டி, பிண்ணாக்கா.

22/ மாடு தின்னா நஞ்சு வேற உருவத்துல பாலுக்கு வரும். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல நாடு முழுக்க 6,432 பால் மாதிரி எடுத்து சோதிச்சது. 368-ல இந்த நஞ்சு அளவுக்கு மேல. மாநிலவாரியா பார்த்தா அதிகம் வந்தது தமிழ்நாட்டுலதான்: 551-ல 88. தீவனம் வழியாத்தான் வருதுன்னு ஆணையமே சொன்னது. "நான் டவுன்ல இருக்கேன், எனக்கென்ன"ன்னு இதைப் படிக்கிறவங்களுக்கு இதுதான் பதில். ஆயா வீட்டு ஈரம் உங்க காலை காபி வரைக்கும் வருது.

23/ சரி, இதுக்கு வழியே இல்லையா? இருக்கு. ஆப்பிரிக்காவுல கினி நாட்டுல கிண்டியா பகுதி. நம்ம மாதிரியே கடலை விவசாயம், சின்ன வீடுகள். 20 கிராமம் எடுத்தாங்க. பத்துல வழக்கம்போல விட்டாங்க. பத்துல இதைச் செஞ்சாங்க: மண்ணுல போடாம பாய் விரிச்சுக் காயவைக்கிறது, காதுகிட்ட ஆட்டி பருப்பு கலகலன்னு சத்தம் வருதான்னு பார்க்கிறது, சொத்தையைப் பொறுக்கறது, சணல் சாக்குல கட்டி மரச் சட்டம் மேல அடுக்கறது.

24/ இதுல ஒண்ணும் ராக்கெட் இல்லை, நம்ம ஆயாவுக்கே தெரிஞ்சதுதான். வித்தியாசம் என்னன்னா, சொல்லிட்டுப் போகாம பாய், சாக்கு, சட்டம் எல்லாத்தையும் கொடுத்தாங்க. அஞ்சு மாசம் கழிச்சு ரத்தத்துல சோதிச்சா, அந்த மக்கள் உடம்புல நஞ்சோட அடையாளம் மத்த கிராமத்துல இருந்ததுல பாதிக்கும் குறைவு. 2005-ல லான்செட் மருத்துவ இதழ்ல வந்த ஆய்வு. நான் இது வரைக்கும் எழுதின எந்த மாத்திரைச் சீட்டாவது இவ்வளவு பேருக்கு இவ்வளவு மலிவா உதவியிருக்குமான்னு தெரியலை.

25/ இன்னொண்ணு சீனாவுல, ஷாங்காய் பக்கம் சிடோங். மக்காச்சோளம் சாப்பிட்ட காலத்துல அங்க லிவர் கேன்சர் பயங்கரம். 1980-கள்ல சந்தை திறந்து, மக்கள் கையில காசு வந்து, அரிசிக்கு மாறினாங்க. கேன்சர் சாவு இறங்க ஆரம்பிச்சது. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்ட தலைமுறை வளர்றதுக்கு முன்னாடியே. "பூசணம் தின்னாதே"ன்னு போஸ்டர் ஒட்டினதால நடந்த மாற்றம் இல்லை அது. நல்லதை வாங்கிச் சாப்பிட முடிஞ்சதால நடந்தது.

26/ இதைத்தான் சொல்ல வந்தேன். பூசணத்தை நாம விழிப்புணர்வுப் பிரச்சினையா பார்க்கிறோம். முகாம், பதாகை, துண்டுப் பிரசுரம். என்னோட அறிவுரையும் அந்த ரகம்தான். வீடுகளை மாத்தறது வேற: காயவைக்க இடம், தரைக்கும் மூட்டைக்கும் நடுவுல ஒரு பலகை, காய்ஞ்ச பொருளுக்குக் கூடுதல் விலை, கெட்டதைக் கொட்டினாலும் அன்னைக்குச் சோறு உண்டுங்கற தைரியம். இந்த நாலும் இருந்தா பாடம் எடுக்கத் தேவையில்லை. இல்லைன்னா பாடம் எடுத்து லாபமில்லை.

27/ "அதெல்லாம் அரசாங்கம் செய்யணும், வீடு பொறுப்பெடுக்க வேணாமா?"ன்னு கேப்பீங்க. நியாயம். எல்லாத்தையும் அரசாங்கத்து மேல போட்டுட்டு உக்காரச் சொல்லலை. ஆனா வரிசை முக்கியம். கழிப்பறை கட்டிக் கொடுத்துட்டுத்தான் "வெளியே போகாதே"ன்னு சொல்ல முடியும். இங்க மட்டும் நாம பாடத்துல ஆரம்பிக்கறோம்.

28/ என் தரப்புல இருந்து கேக்குறது மூணு. ஒண்ணு, ஊருக்கு ஒரு சிமென்ட் களம், மழைக்கு மூட தார்ப்பாயோட. இருக்கற களத்துல கட்டடம் வேணாம். ரெண்டு, ஈரப்பதம் பார்க்கிற மீட்டர் கொள்முதல் நிலையத்துல மட்டும் இல்லாம, ஊர்ப் பால் சொசைட்டியிலயும் இருக்கட்டும். மூணு, புயல் நிவாரணக் கணக்குல இடிஞ்ச வீடு, செத்த மாடு மாதிரி நனைஞ்ச மூட்டையையும் சேருங்க. கெட்டதை ஒப்படைச்சா நல்ல அரிசி. அப்போதான் கொட்ட மனசு வரும்.

29/ இப்போ வீட்டுக்கு:
- அரிசி, கடலை மூட்டை தரையில வேணாம். பலகை மேல, சுவரை விட்டு ஒரு சாண் தள்ளி.
- நல்லா காய்ஞ்ச உப்பைத் தானியத்தோட காய்ஞ்ச கண்ணாடி பாட்டில்ல போட்டு ஒரு நிமிஷம் குலுக்குங்க. உப்பு பாட்டில்ல ஒட்டினா இன்னும் ஈரம் இருக்கு.
- ஈரத்தோட காத்துப் புகாத டப்பாவுல அடைக்காதீங்க.
- மிளகாயை நல்ல வெயில் மாசத்துல முழுசா வாங்கிக் காயவெச்சு, கொஞ்சம் கொஞ்சமா அரைங்க.

30/
- சுருங்கினது, நிறம் மாறினது, ஓட்டை விழுந்தது எல்லாத்தையும் பொறுக்குங்க. நஞ்சுல பெரும்பங்கு அந்தக் கொஞ்சத்துலதான் இருக்கும். கசந்தா துப்பிடுங்க.
- பொறுக்கினதை மாட்டுக்கோ கோழிக்கோ போடாதீங்க, செக்குக்கும் அனுப்பாதீங்க. மண்ணுல புதைச்சிடுங்க.
- குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள்ள ஹெபடைடிஸ் பி ஊசி. அரசு மருத்துவமனையில இலவசம். பூசணத்தை முழுசா தடுக்க முடியலைன்னாலும், அது கூட்டு சேர்ற கிருமியைத் தடுக்கலாம்.
- அபார்ட்மென்ட் சங்கத்துல இருக்கறவங்க: மாடி சாவியைக் கொடுங்க சார்.

31/ கடைசியா ஆயா. நாலு கேள்விக்கும் பதில் தெரியாத குற்ற உணர்ச்சியில ஒரு பெரிய தார்ப்பாய் வாங்கிக் கொடுத்தேன். "இதுல காயவைங்க ஆயா." ரெண்டு மாசம் கழிச்சு விசாரிச்சேன். "ஒழுகுற எடத்துல கூரை மேல போட்டுட்டேன் தம்பி. பேரப்புள்ள அங்கதான் படுக்கும்."

32/ முதல்ல எனக்கு ஏமாற்றம். அப்புறம் யோசிச்சேன். நான் அந்த வீட்டுல இருந்தா என்ன செஞ்சிருப்பேன்? இருபது வருஷம் கழிச்சு வரலாம் வராமலும் போகலாம்ங்கற நோய்க்கா, இன்னைக்கு ராத்திரி புள்ளை தலைமேல சொட்டுற தண்ணிக்கா? ஆயா சரியாத்தான் முடிவு எடுத்தாங்க. ஒரு வீட்டுக்கு ரெண்டு தார்ப்பாய் வேணும். அதை ஒரு டாக்டர் வாங்கித் தந்து தீராது.

33/ இந்த வருஷமும் மழை வரும். அதுக்கு முன்னாடி உங்க ஊர்ல களம் இருக்கா, எங்க இருக்கு, யார்கிட்ட இருக்குன்னு விசாரிச்சு கீழ எழுதுங்க. காயவைக்கிற பழைய முறை ஏதாவது உங்க வீட்டுல இன்னும் இருந்தா அதையும் சொல்லுங்க. தொகுத்துப் போடறேன்.